குப்பைமேட்டிலும் நீர்த்தேக்கத்திலும் அரிய கடற்காகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு லண்டனில் வசிக்கிறேன். நவம்பர் வந்துவிட்டால் என் சனிக்கிழமைகள் தேம்ஸ் கரையிலும், ஏதாவது ஒரு நீர்த்தேக்கத்தின் அணைச்சுவரிலும்தான் கழியும். உறவினர்கள், கூட வேலை செய்பவர்கள், புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கிய தமிழ் நண்பர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். ஆங்கிலத்தில் 'கல்' (gull) என்னும் பறவையைத் தமிழில் கடற்காகம் என்றே சொல்கிறேன். இனப்பெயர்களை இங்கே பறவை பார்ப்பவர்கள் சொல்கிறபடியே பெரும்பாலும் விட்டிருக்கிறேன்.

குப்பை கொட்டுகிற இடத்தில் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள்?

ஆயிரக்கணக்கான கடற்காகங்களை. புல்டோசர் குப்பையைப் புரட்டிக்கொண்டு போக, அதன் பின்னாலேயே வெள்ளையும் சாம்பலுமாக ஒரு கூட்டம் எழுந்து எழுந்து அமரும். பெரும்பாலும் ஹெர்ரிங், சின்னக் கருமுதுகு, பெரிய கருமுதுகு, கருந்தலை, காமன் என்ற ஐந்து இனங்கள்தான் இருக்கும். இவை இங்கிலாந்தில் எங்கும் உள்ளவை. அந்தக் கூட்டத்துக்குள் ஆர்க்டிக்கிலிருந்து வந்த ஒன்றோ, கருங்கடல் பக்கமிருந்து பரவி வந்த ஒன்றோ நின்றுகொண்டிருக்கலாம். அந்த ஒன்றைத் தேடித்தான் போகிறோம். தேடும் சாக்கில் மற்ற ஆயிரத்தையும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் பார்த்த பிறகு சொல்கிறேன், எனக்கு அந்த ஆயிரம்தான் பெரிய லாபம்.

கடற்காகம் கடலோரத்தில்தானே இருக்க வேண்டும்? நாட்டின் நடுவில் எப்படி?

முன்பு பெரும்பாலும் கடலோரம்தான். உள்நாட்டுக்கு இழுத்து வந்ததில் நம் குப்பைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் குப்பைமேடுகளில் குப்பையை எரித்துவிடுவார்கள். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்துக்குப் பிறகு, 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. எரிப்பது நின்றது, மிச்சச் சாப்பாடு எல்லாம் எரியாமல் குவிந்தது. குளிர்காலத்தில் வயிறு நிறைய இரை கிடைக்கிற இடம் எது என்று கடற்காகங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே சமயம் பெருநகரங்களின் குடிநீருக்காகப் பெரிய பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டிருந்தன. பகலில் இரை ஒரு பக்கம், இரவில் நரி எட்டாத நீர்ப்பரப்பு இன்னொரு பக்கம். இந்த இரண்டும் சேர்ந்த ஊர்களில் கடற்காகங்கள் குளிர்காலம் முழுக்கத் தங்க ஆரம்பித்தன.

அரியவை என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

குளிர்காலத்தில் தேடுகிறவர்கள் நாலு பெயர்களைச் சொல்வார்கள்: காஸ்பியன், மஞ்சள்கால், ஐஸ்லாந்து, கிளாக்கஸ்.

மஞ்சள்கால் மத்தியதரைக்கடல் பக்கத்துப் பறவை. கோடை முடியும்போதே வடக்கே ஏறி வந்துவிடும், ஜூலை முதல் இலையுதிர்காலம் வரைதான் அதிகம். நடுக்குளிரில் சில மட்டும் மிஞ்சும்.

காஸ்பியன் கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைச் சேர்ந்தது. கடந்த சில பத்தாண்டுகளில் உக்ரைன், போலந்து, கிழக்கு ஜெர்மனி என்று மேற்கு நோக்கிப் பரவியிருக்கிறது. அதனால்தான் தென்கிழக்கு இங்கிலாந்தில் இன்று அதைப் பார்க்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது. முன்பு ஹெர்ரிங்கின் ஒரு கிளையாக மட்டும் கருதப்பட்ட பறவை இது. தனி இனம் என்று பிரித்த பிறகுதான் பலரும் கவனித்துத் தேட ஆரம்பித்தார்கள்.

ஐஸ்லாந்து கடற்காகம் ஐஸ்லாந்தில் கூடு கட்டுவதில்லை. கூடு கட்டுவது கிரீன்லாந்தில். ஐஸ்லாந்துக்குக் குளிர்காலத்துக்குத்தான் வரும். பெயர் அப்படி அமைந்துவிட்டது. கிளாக்கஸ் ஆர்க்டிக் முழுவதும் உள்ள பெரிய உருவம். இவை இரண்டும் ஸ்காட்லாந்தின் வடக்கு, மேற்கு மீன்பிடித் துறைமுகங்களில் ஓரளவு கிடைக்கும், தெற்கே வர வரக் குறையும். 2012 தொடக்கத்தில் மட்டும் ஐஸ்லாந்து கடற்காகங்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெரும் எண்ணிக்கையில் பிரிட்டனுக்குள் வந்தன. அந்தக் குளிர்காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எப்போது போக வேண்டும்?

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. வெள்ளை இறக்கைக்காரர்களுக்கு, அதாவது ஐஸ்லாந்துக்கும் கிளாக்கஸுக்கும், ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள்.

கிழமையும் முக்கியம். குப்பைமேடுகள் வாரநாட்களில் முழுநேரம் இயங்கும், பல இடங்களில் சனிக்கிழமை அரைநாள். ஞாயிறன்று புதுக்குப்பை இருக்காது, முந்தைய நாள் குப்பையை மண் போட்டு மூடியிருப்பார்கள். அன்று பறவைகள் உழுத வயல்களுக்கும் பூங்காக் குளங்களுக்கும் சிதறிவிடும். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்பியவர்கள் நிறையப் பேர்.

பகலில் குப்பைமேடா, மாலையில் நீர்த்தேக்கமா? எது நல்லது?

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஓர் இடம் இருக்கிறது, அதை யாரும் முதலில் சொல்வதில்லை. குப்பைமேட்டில் தின்றுவிட்டுக் கடற்காகங்கள் நேரே தூங்கப் போவதில்லை. பக்கத்தில் நல்ல தண்ணீர் இருக்கும் குளத்துக்குப் போய்க் குளிக்கும். இறக்கையை அடித்து அடித்து, தலையை முக்கி, பிறகு கரையில் ஏறி இறகு கோதிக்கொண்டு நிற்கும். மதியவாக்கில் அந்தக் குளிக்கும் குளத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. குப்பைமேட்டில் ஓயாமல் பறந்துகொண்டிருந்த பறவை இங்கே அசையாமல் நின்று காலையும் அலகையும் காட்டும்.

மாலை அடைய வரும் காட்சி வேறு வகை. டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இரண்டு மணிக்கே அணைச்சுவரில் நின்றுவிட வேண்டும். முதலில் நீர்ப்பரப்பு வெறுமையாக இருக்கும். அப்புறம் வானத்தின் ஒரு மூலையில் கோடு கோடாக வர ஆரம்பிக்கும். உயரத்தில் வந்து, தண்ணீருக்கு மேலே வந்ததும் இறக்கையைச் சாய்த்துச் சரிந்து இறங்கும். முக்கால் மணி நேரத்தில் நடுநீரில் ஒரு வெள்ளைத் திட்டு உருவாகி அகலமாகிக்கொண்டே போகும். எல்லாம் காற்றைப் பார்த்து அமரும். அதனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்குமிடத்தைத் தேர்ந்தெடுங்கள்: மேற்குக் காற்று அடிக்கும் மாலையில் கிழக்குக் கரையில் நின்றால் அத்தனை முகங்களும் மறுபக்கம் திரும்பியிருக்கும், முதுகுகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் மேற்குக் கரையில் நின்றால் மறையும் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், முகமும் தெரியும், நிறமும் தெரியும்.

நீர்த்தேக்கத்தில் கால் தெரியாது, தூரம் அதிகம், வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் குறையும். ஆனால் பத்து, இருபது கிலோமீட்டர் சுற்றளவில் சிதறியிருந்த பறவைகள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர்வது அங்கேதான். எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்றால், புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் குளிக்கும் குளத்தையே சொல்வேன்.

எந்த இடங்களில் பார்க்கலாம்?

லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் வடகரையில் ரெயின்ஹாம் நல்ல இடம். அரச பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ரெயின்ஹாம் சதுப்புநிலக் காப்பகத்தை ஒட்டியே குப்பைமேடு. ஆற்றங்கரையில் பொதுப்பாதை போகிறது. அங்கே போர்க்காலத்துக் கான்கிரீட் படகுகள் சேற்றில் கிடக்கும், ஓதம் இறங்கி வற்றம் இருக்கும் நேரத்தில் அந்தச் சேற்றில் கடற்காகங்கள் வந்து நிற்கும்.

மேற்கே ஸ்டெய்ன்ஸ் நீர்த்தேக்கத்தின் இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே பொதுப்பாதை உண்டு, அனுமதிச் சீட்டு வேண்டாம். மத்திய இங்கிலாந்தில் வார்விக்ஷயரின் டிரேகாட் வாட்டர், ஸ்டாஃபோர்ட்ஷயரின் சேஸ்வாட்டர், டார்பிஷயரின் ஆக்ஸ்டன் ஆகிய மூன்றும் மாலையில் கடற்காகங்கள் அடைவதற்குப் பெயர்போனவை. பர்மிங்ஹாம் நண்பர்கள் பார்ட்லி நீர்த்தேக்கத்தைச் சொல்வார்கள். கென்ட்டின் டஞ்சனெஸ் கடற்கரை தனிக்கதை: அங்கே குப்பை கிடையாது, கரையேறும் மீன்பிடிப் படகுகளைச் சுற்றியே பறவைகள். காஸ்பியனைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் நான் அங்கேதான் போகச் சொல்வேன்.

குப்பைமேட்டுக்குள் விடுவார்களா?

மாட்டார்கள், விடவும் கூடாது. கனரக வண்டிகள் ஓடும் இடம் அது. உள்ளே முறையான அனுமதியோடு நுழைகிறவர்கள் வளையமிடும் குழுவினர்தான், அதாவது பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் போட்டு விடுகிறவர்கள். நமக்குப் பொதுப்பாதையும் வேலிக்கு வெளியே உள்ள மேடான இடமும் போதும். ஒருமுறை ஓர் இடத்தில் வேலியோரம் தொலைநோக்கியை நிறுத்தியதற்குக் காவலாளி வந்து கிளம்பச் சொன்னார். பொதுப்பாதை என்று வரைபடத்தில் காட்டினேன், அவர் ஏற்கவில்லை. வாதாடாமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம் அதே நிறுவனத்துக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டேன், சிக்கல் வரவில்லை. போகும் முன்பு கேட்டுவிடுவது நல்லது.

சில மேடுகளில் பறவைகளை விரட்டப் பழக்கிய வல்லூறுகளைப் பறக்கவிடுவார்கள். அன்று கூட்டம் முழுவதும் பக்கத்து வயலில் நிற்கும், அங்கே தேடுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு பைனாகுலர், கால்தாங்கியோடு ஒரு ஸ்கோப், அதாவது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. 80 மி.மீ. முகப்பு உள்ள ஸ்கோப் அந்திவெளிச்சத்தில் கைகொடுக்கும். விலை கூடுதல்தான், பழையதாக வாங்கினால் பாதிக்குப் பாதி குறையும். மற்றபடி இரண்டு ஜோடிக் காலுறை, காற்றுப் புகாத மேல்சட்டை, ஃபிளாஸ்கில் இஞ்சி தட்டிப்போட்ட டீ. அணைச்சுவர்க் காற்று எலும்புக்குள் இறங்கும்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, எங்கே தொடங்குவது?

ஹெர்ரிங் கடற்காகத்தில். முதல் குளிர்காலம் முழுவதும் அதை மட்டும் பாருங்கள் என்று நான் சொல்லும்போது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் வேறு வழி கிடையாது.

பெரிய கடற்காகங்கள் முழு வளர்ச்சி பெற்ற கோலத்துக்கு வர நாலு ஆண்டுகள் ஆகும். முதல் குளிர்காலத்தில் உடம்பு முழுக்கப் பழுப்புக் கோடும் புள்ளியும். இரண்டாம் ஆண்டில் முதுகில் சாம்பல் எட்டிப் பார்க்கும். மூன்றாம் ஆண்டில் கிட்டத்தட்டப் பெரியவர் போல, ஆனால் வாலிலும் அலகிலும் கறுப்பு மிச்சமிருக்கும். இதற்கு மேல், ஒரே வயதுள்ள இரண்டு பறவைகளே ஒன்று போல இருக்காது. ஆண் பெரிது, பெண் சிறிது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் ஹெர்ரிங் இங்குள்ளதைவிடப் பருமன், முதுகும் கொஞ்சம் அடர்த்தி.

இந்த வேறுபாடுகளை எல்லாம் கண் பழகிக்கொண்ட பிறகுதான், "இது அந்த வரிசையில் சேரவில்லையே" என்று ஒரு பறவை தானாக உறுத்தும். படத்தை மனப்பாடம் செய்துகொண்டு அரியதைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு ஹெர்ரிங்கும் அரியதாகத் தெரியும். சாதாரணத்தைப் படித்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் வளர்ந்த பறவைகளை மட்டும் பிரித்துப் பழகுங்கள். இளஞ்சாம்பல் முதுகு, இளஞ்சிவப்புக் கால் என்றால் ஹெர்ரிங். கருஞ்சாம்பல் முதுகு, மஞ்சள் கால் என்றால் சின்னக் கருமுதுகு. இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல், மஞ்சள் கால், டிசம்பரிலும் சுத்தமான வெள்ளைத் தலை என்றால் மஞ்சள்காலாக இருக்க வாய்ப்புண்டு.

காஸ்பியனை எப்படி அடையாளம் காண்பது?

உருவத்தை வைத்து. நிறம் அடுத்ததுதான்.

நான் முதன்முதலில் உறுதியாகச் சொல்ல முடிந்த காஸ்பியன் முதல் குளிர்காலப் பறவை. தேம்ஸ் சேற்றில் முப்பது நாற்பது ஹெர்ரிங்குகளுக்கு நடுவே நின்றது. முதலில் கண்ணில் பட்டது அதன் தலை. மற்ற இளம் பறவைகளின் தலை எல்லாம் அழுக்குப் பழுப்பு, இதற்கு மட்டும் சலவை செய்தது போல வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு சின்னக் கறுப்புக் கண், மிளகு ஒட்டிவைத்த மாதிரி. நெற்றி மேடு தட்டாமல் அலகுக்குள் சரிந்து இறங்கியது. அலகு நீளம், மெலிவு, மேலும் கீழும் இணைகோடாக ஓடி, நுனியில் அதிகம் புடைக்காமல் முடிந்தது. பின்கழுத்தில் மட்டும் பழுப்புக் கோடுகள், துண்டு போட்டுக்கொண்டது போல. தோளில் புதிதாக முளைத்த சாம்பல் இறகுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய கருங்கோடு. கால் நெட்டை. நெஞ்சை நிமிர்த்தி நின்றது. கால்களுக்குப் பின்னால் வயிறு கொஞ்சம் தொங்கியது.

பக்கத்திலிருந்த ஹெர்ரிங் ஒரு துண்டை இழுக்க வந்தபோது இது இறக்கையைத் தூக்கியது. அடியிறக்கை வெளிறியிருந்தது, ஹெர்ரிங் இளம்பறவைக்கு அங்கே பழுப்பு அடர்ந்திருக்கும். விரித்த வாலில் வெள்ளைமேல் அறுத்து வைத்தது போலக் கறுப்புப் பட்டை. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

வளர்ந்த பறவை என்றால் பார்க்க வேண்டியது இறக்கை நுனி. வெளிச்சிறகின் உள்பக்கத்தில் நீளமான வெளிர் நாக்கு ஒன்று கறுப்புக்குள் நுழைந்திருக்கும். கண் பெரும்பாலும் கருமை, கால் வெளிறிய மஞ்சளும் சாம்பலும் கலந்தாற்போல. கத்தும் விதமும் வேறு: இறக்கைகளை விரித்து நின்றுகொண்டு மூக்கால் சிரிப்பது போல நீட்டிக் கத்தும். இதன் அறிவியல் பெயரில் வரும் கேக்கின்னன்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே உரக்கச் சிரிப்பது என்றுதான் பொருள்.

வெள்ளை இறக்கையோடு ஒன்று நிற்கிறது. ஐஸ்லாந்தா, கிளாக்கஸா?

இரண்டுக்கும் இறக்கை நுனியில் கறுப்பு இருக்காது. இளம் பறவைகளாக இருந்தால் பால்காபி நிறம். அளவை முதலில் பாருங்கள்: கிளாக்கஸ் முரட்டு உருவம், பெரிய கருமுதுகுக்குப் பக்கத்தில் நின்றாலும் சளைக்காது. ஐஸ்லாந்து ஹெர்ரிங்கைவிடக் கொஞ்சம் சிறியது, தலை உருண்டை, பார்க்கச் சாதுவாக இருக்கும். அப்புறம் இறக்கை: ஐஸ்லாந்துக்கு வாலைத் தாண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும், கிளாக்கஸுக்குக் கட்டையாக முடியும். முதல் குளிர்காலக் கிளாக்கஸின் அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் மையில் தோய்த்தது போலக் கறுப்பு. அதே வயது ஐஸ்லாந்துக்கு அலகின் பெரும்பகுதி கருமை, அடி மட்டும் மங்கலாக வெளுத்திருக்கும்.

இறக்கை நுனியில் சாம்பல் கோடுகள் உள்ள ஐஸ்லாந்து தென்பட்டால் அது கும்லியன் வகையாக இருக்கலாம். கனடாவின் பாஃபின் தீவுப் பக்கத்திலிருந்து வருவது. இங்கிலாந்தில் அது இன்னும் அரியது.

ஒரு பொறி உண்டு. நிறமி குறைந்து வெளுத்துப் பிறந்த ஹெர்ரிங்குகள் இருக்கின்றன. குளிர்காலம் முடியும்போது வெயிலிலும் காற்றிலும் தேய்ந்து வெளுத்துப்போன ஹெர்ரிங்குகளும் இருக்கின்றன. தூரத்தில் அவை ஆர்க்டிக் பறவை போலவே தெரியும். உடம்புக் கட்டும் அலகின் வடிவமும் ஹெர்ரிங் என்றால் அது ஹெர்ரிங்தான்.

தவறாகச் சொல்லிவிட்டால்?

திருத்திக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் நடக்கிறது. போலந்திலும் கிழக்கு ஜெர்மனியிலும் காஸ்பியனும் ஹெர்ரிங்கும் ஒரே கூட்டத்தில் கூடு கட்டும் இடங்கள் உண்டு, அங்கே கலப்புக் குஞ்சுகளும் பிறக்கின்றன. அவற்றில் சில இங்கே வரும்போது தலை காஸ்பியன், உடம்பு ஹெர்ரிங் என்று நிற்கும். அப்படிப்பட்ட ஒன்றை நான் இரண்டு வாரம் காஸ்பியன் என்றே குறித்து வைத்திருந்தேன். நல்ல வெளிச்சத்தில் அடியிறக்கையைப் பார்த்த பிறகு அடித்துவிட்டேன். பெயர் வைக்காமல் விட்டுவிடும் பறவைகள் என் குறிப்பேட்டில் நிறைய உண்டு. அவற்றின் படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், பின்னால் படிக்க உதவுகின்றன.

நிஜமாகவே பெரிய அதிசயம் ஏதாவது குப்பைமேட்டில் வந்ததுண்டா?

உண்டு. 2006 டிசம்பரில் குளோஸ்டர் குப்பைமேட்டில் வளையமிடுவதற்காக வலை வீசியபோது, பிடிபட்ட கூட்டத்துக்குள் கிளாக்கஸ்-விங்ட் என்ற வட பசிபிக் கடற்காகம் ஒன்று இருந்தது. பிரிட்டனுக்கு அதுவே முதல். 2011 ஜனவரியில் ரெயின்ஹாமில் ஸ்லேட்டி-பேக்டு கடற்காகம் வந்தது. கம்சாட்கா, ஜப்பான் கரைகளின் பறவை. அதுவும் பிரிட்டனில் முதல் பதிவு. உலகின் மறுமுனையிலிருந்து வந்த பறவை லண்டனின் குப்பையில் இரை தேடியது. அடுத்து எது வரும் என்று தெரியாத அந்த நிலைதான் சளியோடும் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போக வைக்கிறது.

நாற்றம்? நோய்?

நாற்றம் காற்றின் திசையைப் பொறுத்தது, அரைமணியில் பழகிவிடும். நோய் விஷயத்தில் கவனம் வேண்டும். 2021-22 முதல் பறவைக் காய்ச்சல் பிரிட்டனின் கடற்பறவைகளைக் கடுமையாகத் தாக்கியது, 2023-இல் கருந்தலைக் கடற்காகங்கள் பெருமளவில் செத்தன. இறந்த பறவையையோ தள்ளாடும் பறவையையோ தொடாதீர்கள். அரசின் இணையதளத்தில் தெரிவியுங்கள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் காலணியைக் கழுவுங்கள்.

சிப்ஸைப் பிடுங்கித் தின்னும் பறவைமேல் இவ்வளவு அக்கறை ஏன்?

ஏனென்றால் அது குறைந்துகொண்டிருக்கிறது. ஊருக்குள் நிறையத் தெரிவதால் எங்கும் பெருகிவிட்டது என்று மக்கள் நினைக்கிறார்கள். ஹெர்ரிங் கடற்காகம் 2009 முதல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது, அதாவது பாதுகாப்புக் கவலை மிக அதிகம் உள்ள வரிசையில். 2024-இல் பெரிய கருமுதுகும் காமன் கடற்காகமும் அதே பட்டியலுக்குப் போய்விட்டன. பெரிய கருமுதுகு உலகின் மிகப் பெரிய கடற்காகம். நீர்த்தேக்கத்தின் மேல் கனத்த இறக்கையோடு அது மெதுவாக வரும்போது மற்ற பறவைகள் எல்லாம் வழி விடும். அந்த உருவம் நம் கண் முன்னாலேயே குறைந்துவருகிறது என்று நினைத்தால் எனக்கு மனம் தாளவில்லை.

நம் ஊரில் இதைச் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் குப்பைமேட்டில் அல்ல. தமிழ்நாட்டில் அந்த இடத்தைக் கரும்பருந்தும் காக்கையும் உண்ணிக்கொக்கும் எடுத்துக்கொள்கின்றன. கடற்காகங்களுக்கு பழவேற்காடு, கோடியக்கரை, தனுஷ்கோடி போங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார். லடாக், திபெத் ஏரிகளில் கூடு கட்டும் பழுப்புத்தலைக் கடற்காகம் குளிர்காலத்தில் அங்கே வரும். வடக்கு ரஷ்யாவிலிருந்து வரும் ஹியூக்ளின் கடற்காகமும் வரும், அது இங்கே நாங்கள் தினம் பார்க்கும் சின்னக் கருமுதுகின் நெருங்கிய சொந்தம். கரைவலை இழுத்து மீன் கொட்டும் நேரத்தில் போய் நில்லுங்கள்.

குப்பைமேடுகள் மூடப்படுகின்றனவாமே?

ஆமாம். 1996-இல் குப்பை புதைப்பதற்கு வரி வந்தபோது டன்னுக்கு 7 பவுண்டு. 2025 ஏப்ரலில் அது 126 பவுண்டைத் தாண்டியது. உணவுக்கழிவைத் தனியாகச் சேகரித்து எரிவாயு எடுக்கிறார்கள், மீதியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். எசெக்ஸின் மக்கிங், ஒரு காலத்தில் கடற்காகம் பார்ப்பவர்களின் பெரிய இடம். இன்று அந்தக் குப்பைமேட்டின் மேல் புல் வளர்ந்து இயற்கைப் பூங்கா இருக்கிறது. 2013-இல் திறந்தார்கள்.

சுற்றுச்சூழலுக்கு இது நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் இந்தக் குளிர்காலக் கூட்டங்கள் இனி எங்கே போகும் என்பதைக் கணக்கெடுத்து வைக்க வேண்டும். பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை 1953 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை, அந்தியில் அடையும் கடற்காகங்களைத் தன்னார்வலர்களை வைத்து எண்ணி வந்திருக்கிறது. நடுவில் நீண்ட இடைவெளி விழுந்து, 2023-24 குளிர்காலத்தில்தான் மறுபடி தொடங்கினார்கள். உங்கள் பகுதி நீர்த்தேக்கத்துக்கு ஆள் தேவையா என்று கேட்டுப் பாருங்கள். அரியதைப் பிரிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

காலில் வண்ண வளையம் தெரிந்தால் என்ன செய்வது?

எழுத்தை இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் படித்து எழுதிக்கொள்ளுங்கள். வளையத்தின் நிறம், எந்தக் கால், இடம், தேதி எல்லாம் வேண்டும். முடிந்தால் போனை ஸ்கோப்பில் வைத்து ஒரு படம். தேம்ஸ் பக்கம் ஆரஞ்சு வளையத்தில் கறுப்பு எழுத்து கண்டால் அது பெரும்பாலும் வடதேம்ஸ் கடற்காகக் குழு போட்டது. ஐரோப்பாவில் எந்த நிற வளையம் யாருடையது என்று தேடித்தரும் இணையதளங்கள் இருக்கின்றன.

போன பிப்ரவரியில் வற்றம் இறங்கிய சேற்றில் ஒரு ஹெர்ரிங் ஒற்றைக்காலில் நின்றது. நன்றாக வளர்ந்த, சாதாரணப் பறவை. மடக்கியிருந்த காலில் ஆரஞ்சு மினுங்கியது, எழுத்து தெரியவில்லை. இருபது நிமிடம் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன். ஒரு படகு எழுப்பிய அலை வந்து சேற்றைத் தொட்டது. பறவை காலை மாற்றியது, நாலு எழுத்தும் ஒரே நொடியில் தெரிந்தது. இரண்டு நாளில் பதில் வந்தது: ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, நான் நின்ற இடத்திலிருந்து சில மைல் தள்ளி ஒரு குப்பைமேட்டில் பிடித்து வளையமிட்டார்கள், அன்றைக்கே முழு வளர்ச்சி பெற்றிருந்தது, நடுவில் யாரும் அதைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, அந்தப் பட்டியலில் இரண்டாவது வரியாக என் தேதி இருக்கிறது.